ஒரே மைக், மூன்று மிக்ஸர்: கச்சேரி மேடையில் சிக்னலைப் பிரித்துக் கொடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

மார்கழிக் கச்சேரியில் பாடகரின் முன்னால் இருப்பது ஒரே மைக். அதன் ஒலியோ மூன்று பேருக்குத் தேவைப்படுகிறது. அரங்கத்தில் அமர்ந்திருக்கும் ரசிகர்களுக்காக ஒருவர் மிக்ஸ் செய்கிறார். கலைஞர்கள் தங்களையும் பக்கவாத்தியங்களையும் கேட்டுக்கொள்வதற்கான மானிட்டர் மிக்ஸை இன்னொருவர் மேடையோரத்தில் கவனிக்கிறார். யூடியூப் நேரலைக்காகவோ தொலைக்காட்சிப் பதிவுக்காகவோ மூன்றாமவர் தனி அறையிலோ ஒளிபரப்பு வண்டியிலோ இருக்கிறார். சிறிய அரங்கில் மிருதங்கத்தின் நேரடி ஒலியே கடைசி வரிசை வரை போய்விடுவதால், அரங்க மிக்ஸைக் கவனிப்பவர் அதை ஸ்பீக்கரில் மிகக் குறைவாகவே சேர்ப்பார். அதே மிக்ஸை அப்படியே நேரலைக்கு அனுப்பினால், வீட்டில் கேட்பவருக்கு மிருதங்கம் பக்கத்துத் தெருவில் வாசிக்கப்படுவது போலிருக்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனி மிக்ஸரும், ஒவ்வொரு மிக்ஸருக்கும் எல்லா மைக்குகளின் சிக்னலும் வேண்டியிருக்கிறது.

கம்பிகளை மட்டும் பார்த்தால், மைக் சிக்னலைப் பிரிப்பது பத்து நிமிட வேலை. பெரும்பாலான குழப்பங்கள் பொறுப்பைப் பிரிக்காமல் விடுவதால் வருகின்றன. மைக்குக்கு ஃபேண்டம் பவர் (கண்டென்சர் வகை மைக்குகள் இயங்க, மைக் கேபிள் வழியாகவே அனுப்பப்படும் 48 வோல்ட் நேர்மின்சாரம்) கொடுப்பது யார், மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பின் கெய்னை, அதாவது பெருக்கும் அளவை, தொடுவது யார், கேபிளின் எர்த் எந்த மிக்ஸருடன் சேர்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு சேனலிலும் ஒரே விடை இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே செல்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியை வைத்துக்கொள்வோம். குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று, கடத்துக்கு ஒன்று, கஞ்சிரா அல்லது மோர்சிங்குக்கு ஒன்று, எலெக்ட்ரானிக் தம்புராவுக்கு, அதன் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு டி.ஐ. பாக்ஸ், அறிவிப்புக்கு ஒரு மைக் என எட்டு சேனல்கள். அவை போய்ச்சேர வேண்டிய மிக்ஸர்கள் மூன்று.

பிரித்தே ஆக வேண்டுமா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிடுவது நல்லது. தேவை வெறும் ஒலிப்பதிவு மட்டும் என்றால், மைக் சிக்னலைப் பல அவுட்புட்களாகப் பிரிக்கும் பெட்டியான ஸ்பிளிட்டரே வேண்டாம். பெஹ்ரிங்கர் எக்ஸ்32 போன்ற டிஜிட்டல் மிக்ஸரிலிருந்து யு.எஸ்.பி. வழியாக 32 சேனல்களையும் தனித்தனியாகக் கணினியில் பதிவு செய்துகொண்டு, கச்சேரி முடிந்த பிறகு நிதானமாக மிக்ஸ் செய்யலாம். நேரலைக்கு ஒரு ஸ்டீரியோ மிக்ஸ் போதும் என்றால், அரங்க மிக்ஸரிலேயே அதற்கென இரண்டு ஆக்ஸிலியரி பஸ்களை (தனி மிக்ஸ் ஒன்றை வெளியே அனுப்பும் துணைவழிகளை) ஒதுக்கி, ஹெட்ஃபோனில் கேட்டுச் சரிசெய்து அனுப்பலாம். ஆனால் ஒரே ஆள் அரங்கத்தையும் நேரலையையும் மூன்று மணி நேரம் ஒருசேரக் கவனிப்பது எளிதில்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கும் கணத்தில் இரண்டில் ஒன்று கைவிடப்படும். திருவையாறு ஆராதனையைப் போல வானொலியும் தொலைக்காட்சியும் தத்தம் கருவிகளுடன் வரும் நிகழ்வுகளில் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மைக்கின் பக்கத்திலிருந்து பார்த்தால்

மேடை மைக் தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது, மில்லிவோல்ட் கணக்கிலானது. அது மூன்று பின் (pin) கொண்ட எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் பேலன்ஸ்டு முறையில், அதாவது ஒன்றுக்கொன்று எதிரான இரு கம்பிகளில், செல்கிறது. பின் 2-இல் நேர்முனையும் பின் 3-இல் எதிர்முனையும் இருக்க, பின் 1 கேபிளின் ஷீல்டுடன் இணைந்திருக்கும். சாதாரண டைனமிக் மைக்கின் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) 150 முதல் 300 ஓம் வரை இருக்கும். மிக்ஸரின் மைக் இன்புட் அதைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு இம்பீடன்ஸ் உடையதாக வடிவமைக்கப்படுவதால், மைக்குக்கு அது பெரிய சுமையாகத் தெரிவதில்லை.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மைக் 300 ஓம், ஒவ்வொரு மிக்ஸரின் இன்புட்டும் 2,400 ஓம் என்று கொள்வோம். ஒரு மிக்ஸர் மட்டும் இணைந்திருக்கும்போது ஏற்படும் இழப்பு சுமார் 1 டெசிபெல். இரண்டு மிக்ஸர்கள் இணையாகச் சேர்ந்தால் மொத்தச் சுமை 1,200 ஓம் ஆகி, இழப்பு ஏறக்குறைய 2 டெசிபெல் ஆகிறது. மூன்று சேர்ந்தால் சுமை 800 ஓம், இழப்பு சுமார் 2.8 டெசிபெல். ஆக, ஒரு மிக்ஸரிலிருந்து மூன்று மிக்ஸருக்குப் போவதால் இரண்டு டெசிபெல்கூட முழுதாகக் குறைவதில்லை. அந்த அளவைக் கெய்னில் ஈடுகட்டிவிடலாம். ஆனால் டைனமிக் மைக்கின் இம்பீடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதால், சுமை கூடும்போது அதன் ஒலிநிறமும் சற்று மாறும். ரிப்பன் மைக்கில் இது தெளிவாகவே கேட்கும். கண்டென்சர் மைக்கில், உள்ளே மின்சுற்று இருப்பதால், பெரும்பாலும் பொருட்படுத்தத் தேவையில்லை.

கேபிளின் நீளத்தையும் மறக்கக் கூடாது. மைக் கேபிளில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் கொள்ளளவு இருக்கும். மூன்று மிக்ஸர்களும் ஆளுக்கு நூறு மீட்டர் தொலைவில் இருந்தால், மூன்று கேபிள்களும் சேர்ந்து மைக்கின் மேல் 30 நானோஃபாரட் அளவு ஏறும். அப்போது 20 கிலோஹெர்ட்ஸை நெருங்கும்போதே ஒலி சரியத் தொடங்கிவிடும். சபா அரங்குகளில் இந்த நீளம் வருவதில்லை. திறந்தவெளி விழாக்களில் வரும்.

எந்த முறையில் பிரிப்பது?

மிக எளியது ஒய் கேபிள். ஒரு பெண் எக்ஸ்.எல்.ஆர்., இரண்டு ஆண் எக்ஸ்.எல்.ஆர்.; பின் 1 பின் 1-க்கும், 2 இரண்டுக்கும், 3 மூன்றுக்கும் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒரே மேசையில் ஒரே பிளக் போர்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரண்டு மிக்ஸர்களுக்கு இது தாராளமாகப் போதும். மிக்ஸர்கள் தள்ளிப்போனால்தான் சிக்கல். இரண்டு மிக்ஸர்களின் எர்த்தும் ஷீல்டு வழியாக இணைந்து ஒரு வளையமாகிவிடுகின்றன; இந்த எர்த் லூப்பில் ஓடும் மின்னோட்டம் ‘ஹம்’ என்ற ரீங்காரமாகக் கேட்கும். ஒரு மிக்ஸரின் கேபிளில் ஷார்ட் ஏற்பட்டால் மற்றதிலும் மைக் செத்துவிடுகிறது. ஒருவர் போடும் ஃபேண்டம் பவர் இன்னொருவரின் இன்புட்டுக்கும் போய்ச்சேர்கிறது. மிக்ஸரின் மைக் இன்புட்டுகள் 48 வோல்ட்டைத் தாங்கும்படி செய்யப்பட்டவைதான். ஆனால் நேரலைக் குழு கொண்டுவரும் விலை குறைந்த சவுண்ட் கார்டையோ, ஃபேண்டமை எதிர்பாராத ஒரு கேமரா இன்புட்டையோ ஒய் கேபிளின் மறுமுனையில் மாட்டினால் அது பழுதாக வாய்ப்புண்டு.

அடுத்தது டிரான்ஸ்ஃபார்மர் ஸ்பிளிட்டர். இதில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு நேரடி அவுட்புட் இருக்கும். அது மைக்குடன் கம்பிக்குக் கம்பி இணைந்தது. மற்ற அவுட்புட்கள் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வருவதால், அவற்றுக்கும் மைக்குக்கும் இடையில் மின்கம்பித் தொடர்பு இல்லை. காந்தப்புலம் வழியாக மட்டுமே சிக்னல் கடக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரை நேர்மின்னோட்டம் கடக்காது என்பதால், அந்தப் பக்கத்தில் யார் ஃபேண்டம் பவரைப் போட்டாலும் அது மைக்கை அடையாது. தனித்த அவுட்புட்களில் எர்த் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கும். அதைத் திறந்தால் ஷீல்டு வழியான எர்த் இணைப்பும் துண்டிக்கப்படும். ஜென்சன், லுண்டால் போன்ற நிறுவனங்களின் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு இதில் நல்ல பெயர் உண்டு. எட்டுச் சேனலும் ஒரே ரேக்கில் வரும் ஏ.ஆர்.டி. எஸ்8 போன்ற பெட்டிகள் சிறு குழுக்களுக்குக் கட்டுப்படியாகும்.

பலர் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் எர்த்தைத்தான் பிரிக்கிறது; சுமையைப் பிரிப்பதில்லை. சுற்றுகளின் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்றால், மறுபக்கத்து மிக்ஸரின் 2,400 ஓம் சுமை அப்படியே மைக்குக்குத் தெரியும். மேலே போட்ட கணக்கு இதற்கும் பொருந்தும். சுருளின் மின்தடையால் இன்னும் சிறிது இழப்பு கூடும். இன்னொரு எல்லையும் உண்டு. மிக ஆழ்ந்த ஒலி உரத்து வரும்போது சிறிய டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கரு செறிவடைந்து ஒலி கலங்கும். குரலிலோ வயலினிலோ இது தெரியாது. ரவை பூசிய தொப்பியின் மேல் மிக நெருக்கமாக வைத்த மைக்கிலும், அதைவிட அதிகமாகத் தவிலிலும் தெரியும். கும்கியின் அடிநாதம் உருண்டு வராமல் பிசிறடித்துக் கேட்கும். விலை குறைந்த ஸ்பிளிட்டரை வாங்கும் முன் தொப்பியில் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

மூன்றாவது முறை ஆக்டிவ் ஸ்பிளிட்டர். மைக்கை முதலில் அதன் உள்ளிருக்கும் ப்ரீஆம்ப் ஏற்றுக்கொண்டு, அதன் பிறகே பல அவுட்புட்களாகப் பிரிக்கிறது. மைக்குக்கு ஒரே சுமைதான். எத்தனை மிக்ஸர்கள் சேர்ந்தாலும் நிலை மாறாது. ஃபேண்டமும் பெட்டியிலிருந்தே வரும். கிளார்க் டெக்னிக் டி.என்.1248 பிளஸ் போன்றவை 12 மைக்குகளை ஒவ்வொன்றும் நான்கு வழிகளாகப் பிரிக்கின்றன. விலை அதிகம். பெட்டியின் மின்சாரம் போனால் அத்தனை மிக்ஸர்களிலும் ஒருசேர அமைதிதான் என்பதால், யு.பி.எஸ். இல்லாமல் இதை மேடைக்குக் கொண்டுவரக் கூடாது.

எட்டு முதல் பதினாறு சேனல் கொண்ட கர்நாடக இசை மேடைக்கு நான் பரிந்துரைப்பது டிரான்ஸ்ஃபார்மர் ஸ்பிளிட்டரைத்தான். மின்சாரம் தேவையில்லை, பழுதாக உள்ளே அதிகமாக ஒன்றும் இல்லை, எர்த் பிரச்சினையை வேரிலேயே தீர்க்கிறது.

முதல் படி: பட்டியலும் பொறுப்பும்

கேபிளைத் தொடும் முன் ஒரு தாளில் சேனல் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மைக்கின் வகை, ஃபேண்டம் தேவையா, அதைக் கொடுப்பவர் யார் என்று குறிக்க வேண்டும். மூன்று மிக்ஸர்களிலும் சேனல் எண்கள் ஒன்றாகவே இருக்கட்டும். நேரலைக்காரர் தன் வசதிக்காக வயலினை ஐந்தாம் சேனலுக்கு மாற்ற நினைத்தால், அதைத் தன் மிக்ஸரின் உள்ளே மாற்றிக்கொள்ளலாம். ஸ்பிளிட்டரில் மாற்றக் கூடாது. “மூன்றில் இரைச்சல்” என்று ஒருவர் சொன்னால் மூவருக்கும் அது வலந்தலை என்று புரிந்தால்தான் கச்சேரியின் நடுவில் பழுதைத் தேட முடியும்.

நேரடி அவுட்புட் யாருக்கு? மேடைக்கு மிக அருகில் இருப்பதும், முதல் ஆளாக இயங்கத் தொடங்கிக் கடைசி ஆளாக அணைக்கப்படுவதுமான மிக்ஸருக்கு. மானிட்டர் மிக்ஸர் தனியாக இருந்தால் அதற்கு. இல்லையென்றால் அரங்க மிக்ஸருக்கு. கேபிள் குறுகியதாக இருப்பதால் ஃபேண்டம் பவரும் உறுதியாகப் போய்ச்சேரும். ஒளிபரப்பு வண்டிக்கு எப்போதும் தனித்த அவுட்புட்டைத்தான் கொடுக்க வேண்டும். இதில் விதிவிலக்கே வேண்டாம். அந்த வண்டி பெரும்பாலும் தன் சொந்த ஜெனரேட்டரிலோ கட்டடத்தின் வேறொரு மூலையிலிருந்தோ மின்சாரம் எடுக்கும். அதன் எர்த்துக்கும் மேடையின் எர்த்துக்கும் இடையில் எவ்வளவு மின்னழுத்த வேறுபாடு இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இரண்டாம் படி: மின்சாரமும் எர்த்தும்

மிக்ஸர்கள், மானிட்டர் ஆம்ப்ளிஃபயர்கள், ஸ்பிளிட்டர் அருகிலுள்ள கருவிகள் அனைத்தும் முடிந்தவரை ஒரே மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். விளக்குகளின் டிம்மர்களுக்கு வேறு இணைப்பு வேண்டும். கேபிள்களை மாட்டும் முன் மல்டிமீட்டரை மாறுமின்னோட்ட அளவில் வைத்து, ஒரு மிக்ஸரின் உலோகப் பகுதிக்கும் இன்னொன்றின் உலோகப் பகுதிக்கும் இடையே அளந்து பார்க்க வேண்டும். ஓரிரு வோல்ட்டைத் தாண்டிக் காட்டினால் ஒலிக்கருவி எதையும் இணைக்காமல் எலெக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டுவதே முறை.

ஹம்மை நிறுத்துவதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதும், அதில் டேப் சுற்றுவதும் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. எக்காரணம் கொண்டும் அதைச் செய்யக் கூடாது. மிக்ஸரின் உள்ளே கசிவு ஏற்பட்டால் 230 வோல்ட் வெளியேற வேறு வழியில்லாமல், மைக்கின் உலோக உடலைத் தேடி, அதைப் பிடித்திருக்கும் பாடகரின் கையைத் தேடி வரும். எர்த் லிஃப்ட் என்பது மைக் கேபிளின் ஷீல்டைத் துண்டிப்பது மட்டுமே. மின்சாரப் பாதுகாப்புக்கான எர்த்தைத் தொடுவதற்கு ஒலிக்காரருக்கு உரிமை இல்லை.

மூன்றாம் படி: கேபிள் இழுத்தல்

ஸ்பிளிட்டரின் இடம் மேடையின் ஓரம். டிம்மர் ரேக்குகளுக்கும் பவர் ஆம்ப்ளிஃபயர்களுக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. மேடை மைக்குகள் எல்லாம் வந்து சேரும் ஸ்டேஜ் பாக்ஸிலிருந்து ஸ்பிளிட்டர் வரை குறுகிய கேபிள், அங்கிருந்து மூன்று மல்டிகோர்கள் (பல மைக் கேபிள்களை ஒரே உறைக்குள் கொண்ட தடித்த கேபிள்கள்). ஒவ்வொரு மல்டிகோருக்கும் ஒரு நிற டேப்பை ஒதுக்கி இரு முனைகளிலும் ஒட்டிவிட்டால், இருட்டில் டார்ச் வெளிச்சத்திலும் தடுமாற்றம் இருக்காது. மின்கம்பிகளைக் கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும். பக்கத்தில் இணையாக ஓடவிடக் கூடாது.

நான்காம் படி: ஃபேண்டமைப் போடுதல்

மூன்று மிக்ஸர்களிலும் எல்லாச் சேனல்களும் மியூட்டில் இருக்க வேண்டும். மூவரும் வாய்விட்டு “மியூட்” என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு பொறுப்பாளர் மட்டும் தேவையான சேனல்களில் ஃபேண்டமைப் போட்டு, சில நொடிகள் பொறுத்திருக்க வேண்டும். 48 வோல்ட்டும் பின் 2, பின் 3 இரண்டிலும் 6.8 கிலோ ஓம் மின்தடைகள் வழியாக ஏறும்போது வரும் “டப்” ஓசை, மியூட் செய்யாத மிக்ஸரின் ஸ்பீக்கரையும் ஹெட்ஃபோனில் இருப்பவரின் காதையும் நேராகத் தாக்கும். அரங்க மிக்ஸரில் ஃபேண்டமைப் போடும்போது நேரலை அறையிலிருப்பவரை மறந்துவிடுவது வழக்கமாக நிகழ்கிறது. ஒரு டாக்பேக் இணைப்போ, குறைந்தபட்சம் ஒரு வாக்கி டாக்கியோ இல்லாமல் மூன்று மிக்ஸர் வேலையைத் தொடங்கக் கூடாது.

மற்ற இரு மிக்ஸர்களிலும் ஃபேண்டம் அணைந்தே இருக்கட்டும். டிரான்ஸ்ஃபார்மர் தடுக்கிறதே என்ற தைரியத்தில் போட்டு வைத்தால், கடைசி நேரத்தில் யாராவது ஒரு மைக்கை நேராக அந்த மிக்ஸரில் மாட்டும்போது விளைவு தெரியும்.

ஐந்தாம் படி: லைன் செக்

ஒருவர் மேடையில் ஒவ்வொரு மைக்காகப் போய்ப் பேச, மூவரும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். தட்டிப் பார்ப்பதைவிடப் பேசிப் பார்ப்பது மேல். குரலின் தன்மை கெட்டிருந்தால் காது உடனே கண்டுபிடிக்கும். சிக்னல் வருகிறது என்பதுடன் திருப்தி அடைந்துவிடாமல், மூவருக்கும் ஏறக்குறைய ஒரே தெளிவில் வருகிறதா என்று கேட்க வேண்டும். ஒரு மிக்ஸரில் மட்டும் ஒலி மெலிந்து, கூடவே ஹம்மும் வந்தால், அந்தக் கேபிளில் பின் 2 அல்லது பின் 3 அறுந்திருக்கும்.

மிருதங்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரே வாத்தியத்துக்கு இரண்டு மைக்குகள் இருப்பதால், ஏதாவது ஒரு கேபிளில் பின் 2-உம் பின் 3-உம் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தால், அந்த ஒரு மிக்ஸரில் மட்டும் இரண்டு மைக்குகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அரங்கத்தில் தொப்பி நிறைவாகக் கேட்கும். நேரலையில் மட்டும் உள்ளீடற்றுப் போயிருக்கும். நேரலைக்காரர் அதை ஈக்வலைசரில் ஈடுகட்ட முயன்று ஒரு மணி நேரத்தை இழப்பார். வித்வான் ஸ்ருதி சேர்க்கும்போதே, இரண்டு மைக்குகளையும் திறந்துவைத்து ஒன்றின் சிக்னலைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை அழுத்திப் பார்த்தால் போதும். அழுத்தும்போது தொப்பியின் கனம் கூடினால், எங்கோ கேபிள் மாறியிருக்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். சாதாரண நிலையிலும் தோலின் அசைவைப் பொறுத்து இரண்டு மைக்குகளில் ஒன்றைத் திருப்ப வேண்டியிருக்கலாம் என்பதால், மூன்று மிக்ஸர்களிலும் ஒரே விடை வருகிறதா என்பதே இந்தச் சோதனையின் நோக்கம்.

ஆறாம் படி: ஹம்மைத் தேடுதல்

நேரடி அவுட்புட்டில் உள்ள மிக்ஸரை மட்டும் இணைத்துக் கேட்க வேண்டும். அதிலேயே ஹம் இருந்தால் கோளாறு ஸ்பிளிட்டருக்கு முன்னால் இருக்கிறது. அமைதியாக இருந்தால், இரண்டாவது மிக்ஸரை எர்த் லிஃப்ட் திறந்த நிலையில் இணைத்துக் கேட்டுவிட்டு, பிறகு ஸ்விட்சை மூடியும் கேட்க வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் எர்த் லூப்பின் அடையாளம். ஸ்விட்சைத் திறந்தால் அது அடங்கும். மாறாக, திறந்த நிலையில் கிரீச்சென்ற ரீங்காரமோ மொபைல் ஃபோன் குறுக்கீடோ கேட்டால், அந்தக் கேபிளின் ஷீல்டுக்கு எர்த் வேண்டும். ஸ்விட்சை மூட வேண்டும். எது அமைதியோ அதுவே சரி. மூன்றாவது மிக்ஸருக்கும் இதையே செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஸ்விட்சை மட்டும் மாற்றுவது என்ற கட்டுப்பாடு இல்லாவிட்டால், ஹம் எதனால் போனது என்று தெரியாமல் போய், இடைவேளையில் அது திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தம்புராவின் டி.ஐ. பாக்ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும். எலெக்ட்ரானிக் தம்புராவோ, செயலி ஓடும் ஃபோனோ சார்ஜரில் இருக்கும்போது வரும் இரைச்சலுக்கு ஸ்பிளிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, டி.ஐ. பாக்ஸின் சொந்த எர்த் லிஃப்ட்டைத் திறந்தால் பெரும்பாலும் தீரும்.

டிஜிட்டல் ஸ்டேஜ் பாக்ஸில் பிரிப்பது

மைக்கை மேடையிலேயே எண்களாக மாற்றிவிட்டால் அதன் பிறகு எத்தனை பிரதிகள் எடுத்தாலும் சுமையும் இல்லை, எர்த் லூப்பின் ஹம்மும் இல்லை. மாடி (MADI) என்னும் டிஜிட்டல் ஒலி இணைப்பு முறையில் ஒரே கோஆக்ஸியல் கேபிளில் 48 கிலோஹெர்ட்ஸில் 64 சேனல்கள் வரை செல்கின்றன. பெஹ்ரிங்கர், மைடாஸ் கருவிகளில் உள்ள ஏ.இ.எஸ்.50 ஒரு கேட் 5இ கேபிளில் இரு திசைகளிலும் 48 சேனல்களைக் கொண்டுசெல்கிறது; அது கருவியிலிருந்து கருவிக்கு நேராகப் போக வேண்டியது, சாதாரண நெட்வொர்க் ஸ்விட்சின் வழியாகப் போகாது. டான்டே (Dante) என்னும் முறை அப்படியில்லை, ஸ்விட்ச் வழியாகவே இயங்கும், ஸ்டேஜ் பாக்ஸின் ஒரே சேனலைப் பல மிக்ஸர்கள் ஒருசேரப் பெற்றுக்கொள்ளலாம்.

ஆனால் எர்த் போன இடத்தில் கெய்ன் வந்து நிற்கிறது. அனலாக் ஸ்பிளிட்டில் ஒவ்வொரு மிக்ஸருக்கும் சொந்த ப்ரீஆம்ப் உண்டு. மற்றவரைக் கேட்காமல் அவரவர் திருப்பலாம். டிஜிட்டலில் ஸ்டேஜ் பாக்ஸில் இருப்பது ஒரே ப்ரீஆம்ப். அனுபல்லவியில் குரல் மேலே ஏறும்போது அரங்க மிக்ஸர் கெய்னை 4 டெசிபெல் குறைத்தால், மானிட்டரில் பாடகருக்குத் தன் குரல் திடீரென்று விலகிப்போகும், நேரலையிலும் குரல் அமுங்கும். இதற்காகத்தான் யமஹாவின் சி.எல்., க்யூ.எல். மிக்ஸர்களில் கெய்ன் காம்பென்சேஷன் வசதி இருக்கிறது. ஸ்டேஜ் பாக்ஸில் அனலாக் கெய்ன் மாறினால், அதே அளவுக்கு எதிர்த்திசையில் டிஜிட்டல் கெய்னை மாற்றி நெட்வொர்க்கில் செல்லும் அளவை நிலையாக வைக்கும். டிஜிகோவில் இதற்கு இணையானது கெய்ன் டிராக்கிங்.

இந்த வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் முறை ஒன்றுதான். சவுண்ட் செக்கில் ஒருவர் எல்லாக் கெய்ன்களையும் தாராளமான இடைவெளியுடன் வைக்க வேண்டும். வித்வான்கள் சவுண்ட் செக்கில் காட்டுவதைவிடக் கச்சேரியில் அதிகமாகவே வாசிப்பார்கள் என்பதால், உச்ச ஒலி முழு அளவுக்கு 12 முதல் 18 டெசிபெல் கீழே நிற்கட்டும். அதன் பிறகு அனலாக் கெய்னை யாரும் தொடுவதில்லை. தேவையானதை அவரவர் டிஜிட்டல் டிரிம்மில் செய்துகொள்ள வேண்டும். ப்ரீஆம்பிலேயே அளவு மீறிக் கிளிப் ஆகிவிட்ட ஒலியை எந்த டிரிம்மும் மீட்காது. அந்த ஒரே சூழலில் மட்டும், மூவருக்கும் அறிவித்துவிட்டுக் கெய்னைக் குறைக்கலாம்.

டிஜிட்டல் கருவிகளை ஒரே நேரக்கணக்கில் இயக்கும் கிளாக் விஷயத்திலும் ஒருவரே தலைவர். ஒரு கருவி கிளாக்கைத் தர, மற்றவை அதைப் பின்பற்ற வேண்டும். ஒரு மிக்ஸரின் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) 48 கிலோஹெர்ட்ஸாகவும் இன்னொன்றினுடையது 96 கிலோஹெர்ட்ஸாகவும் இருந்தால் நேராக இணையாது. சாம்பிள் ரேட் மாற்றி தேவைப்படும். வாடகைக்கு வரும் மிக்ஸரின் அமைப்பை முந்தைய நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். சத்தத்துக்கு நடுவே அவ்வப்போது “டிக் டிக்” என்று கேட்டால் கேபிளைச் சந்தேகிக்கும் முன் கிளாக்கைப் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் ஒளிபரப்புக் குழுவுக்கு, டிஜிட்டல் மேடையிலும் அனலாக் ஸ்பிளிட்டைக் கொடுப்பதையே நான் விரும்புகிறேன். அவர்களுடைய கிளாக்கும் நெட்வொர்க்கும் நம்முடையதைப் பாதிக்காது. நம் மிக்ஸர் மறுபடி தொடங்க நேர்ந்தாலும் அவர்களுடைய ஒலி அறுந்துபோகாது. ஸ்டேஜ் பாக்ஸுக்கு முன்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஸ்பிளிட்டர் வைப்பதற்கு ஆகும் செலவு, கிடைக்கும் அந்த நிம்மதிக்கு முன் சிறியதுதான்.

கச்சேரியின் நடுவில்

மார்கழியில் ஒரே மேடையில் ஒரே நாளில் பல கச்சேரிகள் நடக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் பட்டியல் மாறும். அடுத்து வரும் வயலின் கலைஞர் தன் சொந்தப் பிக்கப்பைக் கொண்டுவரலாம். அதற்கு ஃபேண்டம் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். மேடையில் மைக்கை மாற்றுபவர் முதலில் ஃபேண்டம் பொறுப்பாளரிடம் சொல்ல, அவர் மூவரையும் மியூட் செய்ய வைத்த பிறகே கேபிள் கழற்றப்பட வேண்டும்.

பழுது வந்தால் எத்தனை மிக்ஸரில் என்பதே முதல் கேள்வி. மூன்றிலும் ஒலி போனால் மைக், மேடைக் கேபிள், ஃபேண்டம் ஆகிய மூன்றில் ஒன்று. ஒன்றில் மட்டும் போனால் அந்த மிக்ஸருக்குச் செல்லும் மல்டிகோர்; மேடைக்கு ஓட வேண்டியதில்லை. கண்டென்சர் மைக்குகள் மட்டும் மொத்தமாக அடங்கி டைனமிக் மைக்குகள் ஒலித்துக்கொண்டிருந்தால், நேரடி அவுட்புட் உள்ள மிக்ஸரில் யாரோ ஃபேண்டமை அணைத்திருக்கிறார்கள் அல்லது சேமித்துவைத்த பழைய சீன் (மிக்ஸரின் முழு அமைப்பு) ஒன்றை ஏற்றியிருக்கிறார்கள். டிஜிட்டல் மிக்ஸரில் சீன் மாறும்போது ஃபேண்டமும் கெய்னும் சேர்ந்து மாறாதபடி ரீகால் சேஃப் வைத்துவிடுவது இதற்கான தடுப்பு. சீன் மாற்றத்தில் ஃபேண்டம் விழுந்தால் அது மூன்று மிக்ஸரிலும் ஒலிக்கும் என்பதால், இதைக் கச்சேரிக்கு முன்பே ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

கழற்றும்போதும் வரிசை உண்டு. மூவரும் மியூட் செய்த பிறகு ஃபேண்டமை அணைத்து, சேமித்த மின்னழுத்தம் இறங்க அரை நிமிடம் விட்டு, முதலில் மைக்குகளையும் பிறகு தனித்த அவுட்புட்களையும் கடைசியாக நேரடி அவுட்புட்டையும் எடுக்க வேண்டும். ஒளிபரப்புக் குழு முதலில் கிளம்ப அவசரப்படுவார்கள். அவர்கள் மல்டிகோரை உருவும்போது ஸ்பிளிட்டரிலிருந்து நம் கேபிளும் சேர்ந்து வராமலிருக்க, நிற டேப்பைப் பார்த்துக் கழற்றுமாறு அருகில் நின்று சொல்ல வேண்டும். எர்த் லிஃப்ட் ஸ்விட்சுகள் எந்தெந்த நிலையில் இருந்தன என்பதைச் சேனல் பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, தாளை ஸ்பிளிட்டரின் மூடிக்குள்ளேயே வைத்துவிட்டால், அதே அரங்கத்துக்கு அடுத்த முறை வரும்போது ஆறாம் படியை அங்கிருந்தே தொடங்கலாம்.